தேர்வின் சுமை: பாத்திரமேற்பு ஆட்டங்களில் கதைமாந்தர்

ரோல்-பிளேயிங் கேம் எனப்படும் பாத்திரமேற்பு ஆட்டங்களில் கதையின் போக்கை ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார். எத்தனை கிளைகள், எத்தனை முடிவுகள் என்ற எண்ணிக்கையே இவற்றின் பெருமையாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் தேர்வுக்குக் கனம் தருவது எண்ணிக்கை அன்று. தேர்வில் பங்கில்லாத இன்னொருவர் அதன் விளைவைச் சுமக்கும்போதே அது கனக்கிறது. அந்த இன்னொருவர் நம்பத்தகுந்த மனிதராகவும் இருக்க வேண்டும்.

தமிழ் மரபில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயிலில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் மாணிக்கவாசகர் கதை. திருப்பெருந்துறை என்பது இவ்வூரின் பழம்பெயர். பாண்டியனின் அமைச்சரான வாதவூரர், குதிரை வாங்கக் கொண்டுவந்த அரசுப் பணத்தை இங்கே கோயில் திருப்பணிக்குச் செலவிடுகிறார். அரசனுக்கான கடமை, இறைவன்மீதான அன்பு இரண்டுமே நியாயமானவை. விளைவோ உடனே வருவதில்லை. நரிகள் குதிரைகளாகி, மீண்டும் நரிகளாகி, வாதவூரர் தண்டிக்கப்பட்டு, வையை பெருகிய பிறகு, கரையை அடைக்கும் சுமை பிட்டு விற்கும் வந்தி என்ற ஆதரவற்ற மூதாட்டியின் தலையிலும் விழுகிறது. திருப்பெருந்துறையில் எடுத்த முடிவுக்கும் மதுரையில் இருந்த வந்திக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கதை நிற்பது அங்கேதான்.

இதையே ஆட்டமாக்கி, 'பக்தி 10 கூடியது, விசுவாசம் 10 குறைந்தது' என்று திரையில் காட்டினால் வந்தி மறைந்துவிடுவார். கணக்கு மட்டுமே மிஞ்சும். பல ஆட்டங்களின் குறை இதுவே.

போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' இக்குறையைத் தாண்டுகிறது. அதில் மரத்தடியில் சிறைபட்ட ஆவியை விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் ஒரு கிராமம் அழிகிறது, ஒரு படைத்தலைவனின் மனைவி இறக்கிறாள், அவனும் தூக்கிட்டுக்கொள்கிறான். ஆவியைக் கொன்றால் மனைவி மனம் பிறழ்ந்தாலும் உயிரோடு இருக்கிறாள், குழந்தைகள் பலியாகிறார்கள். இவை பின்னரே தெரியவரும். அந்தப் படைத்தலைவன் குடித்து மனைவியை அடித்தவன். அவளைத் தேடித் தவிப்பவனும் அவனே. அதனால்தான் அவனை எளிதில் வெறுக்கவும் முடிவதில்லை, மன்னிக்கவும் முடிவதில்லை.

டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' பாத்திரமேற்பு ஆட்டம் அன்று. சமையலை மையமாகக் கொண்ட கதை ஆட்டம். ஆடுபவரின் பதில்கள் அதன் முடிவை மாற்றுவதில்லை. ஆயினும் வெண்பாவும் பாவலனும் கனடாவில் தங்கிவிட்டதன் விளைவை மகன் கவின் சுமக்கிறான். அம்மாவின் தமிழ்ச் சமையல் குறிப்பைப் படிக்கத் திணறும் கவினாக ஆடும்போது, கிளைகளே இல்லாத கதையிலும் ஒரு முடிவின் கனம் கைக்குத் தெரிகிறது.

தமிழில் ஆட்டம் எழுத முனைவோர், நாயகன் முன் எத்தனை வழிகள் என்று எண்ணுவதற்கு முன், அவன் முடிவுக்காக மண் சுமக்கப்போவது யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.