பனியன் ஊரில் ஒரு ஹெரால்டு

மார்கழி விடியலில் சோக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், இரண்டு முறை இருமிவிட்டுத்தான் எழும் எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எஞ்சின் சூடேறச் சூடேறச் சோக்கை மெல்ல உள்ளே தள்ள வேண்டும். எனக்குப் பொறுமை பழக்கிய வண்டி இது.

1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டை வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் அதைத் தயாரித்தது. ஹெரால்டின் சேஸியைச் சுருக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அந்தச் சுறுசுறுப்பு இதன் ஸ்டியரிங்கிலும் உண்டு. ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். பண்டல் ஏற்றிய வண்டிகள் அடைத்து நிற்கும் எங்கள் பனியன் ஊரின் காதர்பேட்டைச் சந்துகளில் அதன் அருமை புரியும்.

பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிச் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். துடைக்கப் பனியன் வேஸ்ட் இருக்கவே இருக்கிறது.

சித்திரையில் தினமும் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்தாக வேண்டும். ஆடிக்காற்றில் ஏர் ஃபில்டரில் புழுதி அப்பும். தட்டிப் போட வேண்டும். ஐப்பசி மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினால் வண்டி திணறும். கழற்றித் துடைத்தால் மறுபடி சீராகப் பாடும்.

ஷெட்டில் போர்த்தி வைத்த காரில் ரப்பர் இறுகும், பிரேக் பிடித்துக்கொள்ளும். அன்றாடம் ஓடுவதுதான் அதற்கு ஆயுள். கம்பெனி வாசலில் இறங்கி, சூடான பானெட்டை ஒருமுறை தடவிவிட்டுத்தான் என் நாள் தொடங்குகிறது.