வெயில் நுழையாத வெள்ளைப் பெட்டி
2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் வெப்பநிலை 40.3 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்நாட்டில் அதுவரை காணாத உச்சம். இத்தகைய எண்களை வானிலை ஆர்வலர்கள் நம்பிப் பேசத் துணைநிற்பது ஸ்டீவன்சன் பெட்டி. புல்தரைக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் அந்த வெள்ளைப் பெட்டியின் பக்கங்களில் சரிவான இரட்டைப் பட்டிகள். வெயிலைத் தடுத்து, காற்றைத் தாராளமாக உள்ளே விடும். கதவு வடக்கே பார்த்திருப்பதால் திறந்தாலும் நேர்வெயில் விழாது. மின் உணரிகள் வந்துவிட்ட பிறகும், இதனுள் கிடையாக வைக்கப்படும் பாதரசப் பெரும வெப்பமானியின் அழகு குறையவில்லை. குமிழை ஒட்டிக் கண்ணாடிக் குழல் சட்டென்று ஒடுங்குகிறது. சூட்டில் விரியும் பாதரசம் அந்த இடுக்கைத் தாண்டிப் போகும். குளிர்ந்ததும் திரும்ப வழியின்றி, எட்டிய இடத்திலேயே வெள்ளிக் கோடாய் நிற்கும். பதிவாளர் கண்ணை அதன் நேருக்குக் கொண்டுவந்து, டிகிரியில் பத்தில் ஒரு பங்குவரை நிதானமாகப் படித்து எழுதுகிறார். பிறகு கையை வீசி நன்றாக உதறினால் பாதரசம் குமிழுக்கு இறங்கிவிடும். கருவி மறுநாளுக்குத் தயார்.