பலகையின் முனை

கட்டிலோ அலமாரியோ சொல்லிச் செய்விக்க விரும்புகிறவர், விலையை விசாரிப்பதற்கு முன், மரவாடியில் நல்ல ஆசாரி ஒருவரின் பின்னே சிறிது நேரம் நிற்பது உத்தமம். அவர் பலகையின் மேற்பரப்பைக் கண்டு திருப்தியடைவதில்லை. அதன் முனையைத் திருப்பி, வளையங்கள் ஓடும் திக்கை நோக்கி, பொன்பழுப்பான வைரம் எவ்விடத்தில் முடிந்து வெளிறு எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை விரலால் தடவி நிச்சயித்த பின்னரே வாய் திறப்பார். வெளிறு பூச்சிக்குப் பிரியமான ஆகாரம்.

தேக்கின் மகிமையைப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மாத் தேக்கு இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அதில் இயல்பாகவே உள்ள எண்ணெய் அதைக் காக்கிறது. கூடவே உள்ள சிலிக்கா ஆசாரியின் உளியை மழுக்குகிறது. ஆயினும் சகலத்துக்கும் தேக்கே வேண்டுமென்பது பணத்தின் பிடிவாதமேயன்றி ரசனையன்று என்பது என் அபிப்பிராயம். தஞ்சை வீணைக்கு உடலாகும் பலாவைப் பாருங்கள்: அறுத்த புதிதில் மஞ்சளாகக் கண்ணைப் பறிக்கும் அது, வருஷங்கள் செல்லச் செல்லச் செம்பழுப்பாகக் கனிந்து, நாற்காலிக்கும் மேஜைக்கும் தனியொரு சோபையைத் தருகிறது. துணிப்பெட்டிக்கு வேம்பு போதும்.

எந்த மரமாயினும் நன்றாக உலர்ந்திருத்தல் அவசியம். உலரும் மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, ஆரத்தின் போக்கில் சுருங்குவதைவிட ஏறக்குறைய 2 மடங்கு. பலகை வளைவதற்கு இதுவே காரணம். ஆகையால் அலமாரிக் கதவுக்கு, வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் துண்டையே கேட்டு வாங்குங்கள். சேதாரம் அதிகமென்று மரவாடிக்காரர் சற்று முகம் சுளிப்பார்.