வெற்றிலைக்கு ரசீது ஏது?

மாதம் 37,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு நல்கை (ஜே.ஆர்.எஃப்.) பெறும் ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. இரண்டு ஆண்டுகள் கழிந்ததும் 42,000 ஆகும். சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகும் ஒரு குடும்பத்தில் இந்தப் பணம் என்ன செய்யும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். எங்கள் தெருப் பெண் ஒருத்தி எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு இந்த நல்கையை வாங்கினாள். தமிழைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்ட உறவுக்காரர்கள் அதன்பிறகு கேட்கவில்லை. பி.எட். சேரச் சொல்லி நச்சரித்த அப்பா விட்டுவிட்டார். கல்யாணப் பேச்சும் தள்ளிப்போனது. மொழி, வரலாறு, மெய்யியல் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பைத் தொடரும் துணிவை இந்த அளவுக்குக் கொடுத்த ஏற்பாடு வேறொன்றை நான் கண்டதில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் முழுநேரம் ஆராய்பவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் தரும் தமிழக முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையையும் இதே நன்றியோடுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஜே.ஆர்.எஃப்.-க்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் வகை. 2012-க்கு முன்பு மூன்றாம் தாளிலாவது பக்கம் பக்கமாக விடை எழுத வேண்டியிருந்தது. அதை எடுத்துவிட்ட பிறகு, ஒரு பாட்டை வைத்துக்கொண்டு அதைப் பற்றி இரண்டு பத்தி யோசித்து எழுதத் தெரியுமா என்று தேர்வில் எங்குமே கேட்பதில்லை. ஆய்வாளருக்கு வேண்டிய முதல் திறமையே அதுதான். போதாக்குறைக்கு, முதல் தாளின் 50 கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. சங்க இலக்கியத்தில் ஊறிய ஒருவர் ஆங்கிலத்தில் கேட்ட தருக்கக் கணக்கில் தடுக்கி விழுவது அவருடைய ஆய்வுத் திறனைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பொதுவான வயது வரம்போ 30. 2024 ஜூன் 18 அன்று நடந்த தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். மறுதேர்வுக்கு ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பதைத் தொடும் ஒருவருக்கு அந்த இரண்டு மாதம் எவ்வளவு நீளம் என்பது வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால்தான் தெரியும்.

தேறிய பிறகும் பணம் தானாக வந்துவிடாது. ஆய்வாளர் பணியில் இருக்கிறார் என்று பல்கலைக்கழகம் மாதந்தோறும் கனரா வங்கியின் தளத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புவார். இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதப் பணம் நின்றுவிடும்.

இதைவிட என்னை வருத்துவது இதரச் செலவுக்கான தொகை. கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய். எங்கள் தெருப் பெண்ணின் ஆய்வு கரும்புக் கொல்லையில் வேலை செய்யும் பெண்களின் பாட்டுகள். வெள்ளாற்றங்கரை ஊர்களுக்கு ஷேர் ஆட்டோவில் போவாள். நடவு, வெட்டு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் முன்னால் வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் புகையிலை வைப்பாள். அரை மணி நேரம் ஊர்க்கதை. அதன்பிறகுதான் ஒருத்தி தொண்டையைச் செருமுவாள். அந்த மாலைக்கு ஆன செலவு முந்நூறு ரூபாய் இருக்கும். அலுவலகத்தில் ரசீது கேட்கிறார்கள். “வெத்தலைக்கு யாரு மாமா பில்லு குடுப்பா?” என்றாள் என்னிடம். புத்தகம், ஜெராக்ஸ், ரயில் டிக்கெட் என்று நூலகத்தில் உட்காரும் ஆய்வை மனத்தில் வைத்தே இந்த விதிகளைப் போட்டிருக்கிறார்கள். திண்ணையில் நடக்கும் ஆய்வு அவற்றுக்குள் வரவேயில்லை.

விருதுகளின் கதை வேறு. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் தரும் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது 10 லட்சம் ரூபாய். முதல் விருது 2010 கோவைச் செம்மொழி மாநாட்டில் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவுக்கு வழங்கப்பட்டது. பிறகு 2010 முதல் 2019 வரையிலான பத்து ஆண்டு விருதுகளையும் 2022 ஜனவரி 22 அன்று ஒரே நாளில் கொடுத்தார்கள். பெற்றவர்கள் தகுதியானவர்கள், பொருந்தலிலும் கொடுமணலிலும் அகழாய்வு செய்த கா. ராஜன் அவர்களில் ஒருவர். எனக்கு உறுத்துவது அந்த நீண்ட இடைவெளி. ஆண்டுதோறும் ஓர் ஆய்வாளரின் பெயர் செய்தித்தாளில் வந்தால், அந்தத் துறை பிள்ளைகளின் கண்ணில் படும். விருதால் ஆகும் பெரிய நன்மை அதுதான். மொத்தமாகக் கொடுத்தபோது அது போய்விட்டது.

2025 ஜனவரி 5 அன்று சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது; நானும் மகிழ்ந்தேன். ஆனால் இந்தத் துறை வளர்ந்தது இப்படிப்பட்ட பரிசால் அல்ல. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஐராவதம் மகாதேவனுக்கு 1970-இல் ஜவாஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. அது கொடுத்த அவகாசத்தில் முத்திரை முத்திரையாகக் குறிகளை அடுக்கி அவர் உருவாக்கிய தொடரடைவு 1977-இல் வெளிவந்தது. எழுத்தைப் படித்துவிட்டதாக அந்த நூல் சொல்லவில்லை. இன்று அந்தப் பரிசுக்கு அதை அனுப்பினால் தேறாது. ஆனால் பிறகு சிந்து எழுத்தைத் தொட்டவர்கள் அதைப் பிரிக்காமல் போனதில்லை. விடைக்கு மட்டும் பரிசு என்றால் அவசரமான விடைகள்தான் குவியும். பரிசை அறிவித்த அதே நாளில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் மகாதேவன் பெயரில் ஆய்விருக்கை அமைக்க 2 கோடி ரூபாய் என்றும் அறிவித்தார்கள். பலர் கவனிக்காத அந்த அறிவிப்புதான் என் கணக்கில் பெரியது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களை என்ன செய்வது? விருத்தாசலம் பக்கம் மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். எங்கள் வட்டாரச் சொற்களை நடுநாட்டுச் சொல்லகராதியாகத் தொகுத்தவர் அவர்தான். ஒரு துறையே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. இத்தகையவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் இளநிலை, முதுநிலை நல்கைகள். எங்கள் பகுதி எழுத்தாளர் இமையம் 2002-இல் இளநிலை நல்கை பெற்றார். நெட் தேவையில்லை, செய்யப்போகும் வேலையைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இந்த முறைதான் சரி. ஆனால் இளநிலைக்கு மாதம் 10,000, முதுநிலைக்கு 20,000, அதுவும் இரண்டே ஆண்டுகள். குடும்பம் உள்ள ஒரு தொழிலாளி சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு சொல் சேகரிக்க இது போதாது. ஜே.ஆர்.எஃப். அளவுக்குத் தொகையை உயர்த்தி, ஐந்து ஆண்டு கொடுத்துப் பார்க்கலாம். தமிழக அரசே இதைத் தனியாகத் தொடங்கலாம்.

எங்கள் தெருப் பெண் களப்பணிக்குப் போகும்போது பையில் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லகராதி இருக்கும். கரும்புக் கொல்லைக் கிழவிகள் சொல்லி அதில் இல்லாத சொற்களைப் பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். எந்த ஊர், யார் சொன்னது, என்ன வேலையின்போது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே குறித்திருக்கிறாள்.