‘ஷல்’லும் ‘மே’யும்: துணைவினைகளும் மொழியுரிமையும்

ஆங்கில இலக்கணப் பாடநூல்கள் ‘கான்’, ‘மே’, ‘மஸ்ற்’, ‘ஷல்’ முதலிய துணைவினைகளைப் பெரும்பாலும் பொருட்பட்டியலாகவே கற்பிக்கின்றன. ‘மே’ என்பதற்கு ‘-லாம்’, ‘மஸ்ற்’ என்பதற்கு ‘வேண்டும்’, ‘ஷல்’ என்பதற்கு எதிர்காலம் என மாணவர் மனனஞ் செய்கின்றனர். யார், யாருக்கு, எந்த அதிகாரத்தின்பேரில் கூறுகின்றார் என்னும் வினா அங்கு எழுவதில்லை. இது வெறும் கற்பித்தற் குறைபாடன்று என்பதே எமது கருத்தாகும்.

எவ். ஆர். பாமர் 1979 இல் வெளியிட்ட ஆய்வில், இத்துணைவினைகள் உணர்த்தும் பொருளை ஊகம், கட்டளையும் அனுமதியும், ஆற்றல் என மூவகைப்படுத்தினார். தமிழின் ‘-லாம்’ விகுதியும் ‘மே’யைப் போன்றே முதலிரண்டையும் ஏற்கின்றது. ‘மழை வரலாம்’ என்பவர் தமது அறிவின் எல்லையைக் காட்டுகின்றார். ‘நீர் போகலாம்’ என்பவரோ தமது அதிகாரத்தைக் காட்டுகின்றார். அனுமதிப்பவருக்கு மறுக்கும் வலிமையும் உண்டு.

இவ்வேறுபாட்டின் சமூகப் பெறுமதியை எமது நாட்டின் மொழிச் சட்டங்களிற் காணலாம். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் ஆங்கில வாசகம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது ‘ஷல்’ என்னும் துணைவினையாலாகும். அது எதிர்காலங் கூறவில்லை. அக்கூற்றே சட்டநிலையை ஆக்கிற்று. 1958 ஆம் ஆண்டின் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டமோ, தமிழ் மாணவர் தம்மொழியிற் கற்கும் உரிமைக்கு ‘ஷல்’லை வழங்கியபோதும், வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாகத்தில் தமிழைப் பயன்படுத்துவதற்கு ‘மே’யையே வழங்கியது. அந்நிருவாகத் தேவைகள் எவையென ஒழுங்குவிதிகளே விதித்தல் வேண்டும். அவை 1966 சனவரியிலேயே நிறைவேறின. ஏழாண்டுகளுக்கு மேலாக அந்த ‘-லாம்’ ஏட்டளவிலேயே நின்றது.

1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழுக்கும் ‘ஷல்’லை வழங்கிற்று. ஆயினும் அங்கு ‘உம்’மைப் பொருள்தரும் சொல்லொன்றும் உடன் வந்தது; தமிழ் பின்னர் சேர்க்கப்பட்ட மொழி என்பதை அதுவே உணர்த்துகின்றது. மேலும், ‘ஷல்’ இடம்பெற்றமையால் மட்டும் அலுவலகங்களின் நடைமுறை மாறிவிடுவதில்லை. துணைவினை கடமையை விதிக்கலாம். அதனை நிறைவேற்றுவிப்பது சமூக வலிமையே.

எனவே, துணைவினைகளை வெற்று வாய்பாடாகக் கற்பிக்காது, இத்தகைய சட்ட வாசகங்களைக் கொண்டு கற்பித்தல் வேண்டும் என நாம் கருதுகின்றோம். சலுகையையும் உரிமையையும் வேறுபடுத்தி வாசிக்கத் தெரியாத மாணவர், சலுகையை உரிமையெனக் கருதி ஏமாறுவர்.