முதல் சந்தேகம் சமையற்காரர் மேல்

1531இல் லண்டனில், ரோச்செஸ்டர் பிஷப் ஜான் ஃபிஷரின் வீட்டில் கஞ்சி குடித்தவர்கள் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். இருவர் இறந்தார்கள். ஒருவர் வீட்டோடு இருந்த கனவான். மற்றவர் வாசலில் மிச்சம் வாங்கிக் குடித்த ஏழை விதவை. பிஷப் அன்று கஞ்சியைத் தொடவில்லை, பிழைத்தார். பிடிபட்ட சமையற்காரர் ரிச்சர்ட் ரூஸ், சும்மா ஒரு வேடிக்கைக்குப் பொடி கலந்ததாகச் சொல்லிப் பார்த்தார். எட்டாம் ஹென்றி சிரிக்கவில்லை. விஷம் வைப்பதை ராஜத்துரோகமாக்கிப் புதுச் சட்டம் வந்தது. ரூஸைக் கொதிக்கும் கொப்பரையில் இறக்கிக் கொன்றார்கள். பொடி யாருடைய யோசனை என்ற கேள்விக்கு வரலாற்றாசிரியர்களிடம் இன்றுவரை தீர்ந்த பதில் இல்லை.

இப்படிப்பட்ட சங்கதிகளிலிருந்து மனிதர்கள் சிரித்துக்கொண்டே படிக்கும் ஒரு கதைவகையை உண்டாக்கியிருக்கிறார்கள் என்பது விசித்திரம்தான். பழைய காலம், சமையலறை, ஒரு பிணம், கொஞ்சம் நையாண்டி. ஆங்கிலத்தில் இவற்றுக்கெனத் தனி அலமாரியே உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பயணத்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுவரத் தக்கவை. ஆனால் நல்லவை நிஜமாகவே நல்லவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு ரசாயனக் காரணம் இருக்கிறது.

1833இல் இங்கிலாந்தில் ஜான் போடில் என்ற இளைஞன் தன் தாத்தாவின் காப்பியில் ஆர்செனிக் கலந்ததாகக் கைதானான். ரசாயன அறிஞர் ஜேம்ஸ் மார்ஷ் விஷத்தைக் கண்டுபிடித்தும் பயனில்லை. ஜூரிகள் முன் காட்டுவதற்குள் மாதிரி கெட்டுப்போயிற்று. பையன் விடுதலையானான். அந்த எரிச்சலில் மார்ஷ் உருவாக்கி 1836இல் வெளியிட்டதுதான் அவர் பெயரால் வழங்கும் பரிசோதனை. அதற்கு முன் வெள்ளை ஆர்செனிக்கைப் பிடிப்பது பெரும்பாடு. பார்த்தால் மாவு, வாயில் வைத்தால் சொல்லும்படி ருசி கிடையாது. 1851இல்தான் அதில் கரியோ அவுரியோ கலந்து நிறமேற்றி விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சோதனைச்சாலை வராத காலத்தில் துப்பறிபவருக்கு இருந்த தடயம் ஒன்றே ஒன்று: யார், எதை, யார் கையால், எந்த வரிசையில் சாப்பிட்டார்கள். அதைச் சொல்லக்கூடியவர் சமையற்காரர். முதல் சந்தேகமும் அவர் மேல்தான். சரித்திரக் கதையும் சமையலறைக் கதையும் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.

பரிமாறும் வரிசையை வைத்துக் கொல்லும் தந்திரத்தை எந்த நாவலாசிரியரும் கண்டுபிடிக்கவில்லை. ரோமாபுரி வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 55இல் நீரோவின் விருந்தில் அவன் தம்பிமுறையான பிரிட்டானிக்கஸுக்குச் சூடான பானம் வருகிறது. ருசி பார்க்கும் ஊழியன் குடித்துக் காட்டுகிறான், ஒன்றுமில்லை. பையன் வாங்கிப் பார்த்து, ரொம்பச் சூடு என்று திருப்புகிறான். ஆற்றுவதற்காகக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றித் தருகிறார்கள். விஷம் அந்தத் தண்ணீரில். தண்ணீரை யார் ருசி பார்ப்பார்கள்!

அந்த ரோமை நகைச்சுவையாக எழுதிக் காட்டியவர் லிண்ட்சி டேவிஸ். 1989இல் தொடங்கிய அவருடைய ஃபால்கோ வரிசையின் நாயகன் வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒரு துப்பாள். ‘வீனஸ் இன் காப்பர்’ நாவலில் இளவரசர் டைட்டஸிடமிருந்து அவனுக்கு ஒரு பிரம்மாண்டமான டர்பட் மீன் பரிசாக வருகிறது. கொலை விசாரணை ஒரு பக்கம் கிடக்க, அந்த மீனைச் சமைத்து விருந்து வைக்கும் பாடு தனிக்கதையாக விரிகிறது. வழக்குக்கு அந்த மீன் தேவையே இல்லை. இருந்தாலும் நாவலை மூடிய பிறகு கொலையாளியைவிட மீன்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

எல்லிஸ் பீட்டர்ஸின் ‘மங்ஸ்ஹுட்’ (1980) இதைவிட இறுக்கமான வேலை. 1138 டிசம்பர், ஷ்ரூஸ்பரி மடம். மடத்துச் சமையலறையிலிருந்து விருந்தாளி ஒருவருக்குப் போன கவுதாரிக் கறியில் விஷம். அது மூட்டுவலிக்கென்று துறவி கேட்ஃபெல் தன் கையால் காய்ச்சிய தைலம்! நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து பயன்படுத்தும் வச்சநாபியின் நெருங்கிய உறவுச்செடிதான் அதன் சரக்கு. அடுப்பில் இருந்தவர்கள் நடுங்குகிறார்கள். துப்பறிய வேண்டியவருக்கோ தன் மருந்தே கொலைக்கருவி. தைலத்தின் வாசனையும் கறையும் எவர் துணியில் இருக்கும் என்று அவர் தேடும் விதம், மூக்கை நம்பி நடக்கும் விசாரணைக்கு அருமையான உதாரணம்.

டோரதி சேயர்ஸின் ‘ஸ்ட்ராங் பாய்சன்’ 1930இல் வந்தது. முடிவைச் சொன்னால் இனிப் பாவமில்லை. செத்தவன் கடைசியாகச் சாப்பிட்டது ஒரு வீட்டு விருந்து. ஒவ்வொரு பதார்த்தத்தையும் வேறு யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள், மிச்சத்தை வேலைக்காரர்கள் தீர்த்திருக்கிறார்கள். ஆம்லெட்டை அவனே மேஜையில் வைத்துப் போட்டு, உறவினனோடு பாதிப் பாதி பகிர்ந்துகொண்டான். ஆர்செனிக் அந்த ஆம்லெட்டில்தான். பகிர்ந்தவன் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தின்று உடம்பைப் பழக்கி வைத்திருந்தான்.

படித்தவுடன் இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும். சந்திரகுப்தனுக்குத் தெரியாமல் அவன் சாப்பாட்டில் சாணக்கியர் துளித்துளியாக விஷம் சேர்த்துப் பழக்கினார் என்றும், அந்தச் சாப்பாட்டை ஒருநாள் நிறைமாத ராணியோடு பகிர்ந்ததில் அவள் இறந்தாள் என்றும், வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளைதான் பிந்துசாரன் என்றும் ஜைன மரபுக் கதை சொல்கிறது. ஹேமசந்திரர் அதை 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். சேயர்ஸ் புதிதாகச் சேர்த்தது சிரிப்பு. சர்க்கரை தூவிய துருக்கி மிட்டாயைச் சந்தேகத்துக்குரியவனுக்கு வயிறு முட்டக் கொடுத்துவிட்டு, தூவியது ஆர்செனிக் என்று நாவலின் துப்பறிபவரான லார்ட் பீட்டர் புளுகும் காட்சியில் பயங்கரமும் கேலியும் ஒரே தட்டில் வருகின்றன.

ரெக்ஸ் ஸ்டவுட்டின் ‘டூ மெனி குக்ஸ்’ 1938இல் எழுதும்போது சமகாலக் கதை, இப்போது சரித்திரமாகிவிட்டது. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சொகுசு விடுதியில் மகா சமையல் கலைஞர்கள் கூடுகிறார்கள். ஒரே சாஸில் ஒன்பது கிண்ணம். ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கு மட்டும் குறையும். எது எங்கே இல்லை என்று நாக்கால் சொல்ல வேண்டும். போட்டியின் நடுவே சாஸ் செய்தவரைக் கத்தியால் குத்திவிடுகிறார்கள். எவர் எத்தனை தவறு விட்டார் என்ற மதிப்பெண் பட்டியலே வழக்கின் ஆவணமாகிறது. நாக்கு சாட்சி சொல்லும் கதை என்றால் எனக்கு இதுதான் உச்சம்.

பிறகு சரிவு. 1982இல் வர்ஜினியா ரிச், 1990இல் டயேன் மாட் டேவிட்சன், 2000இல் ஜோஆன் ஃப்ளூக் என்று அமெரிக்காவில் கிளம்பிய அலையில் சமையல் குறிப்பு கதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பிணம் கிடக்கிறது, அடுத்த பக்கத்தில் பிஸ்கட்டுக்கு வெண்ணெய் எத்தனை கப் என்ற கணக்கு. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. நான் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சமீபத்தில் பழைய காலம் மறுபடி தலைகாட்டுகிறது. ஜெனிஃபர் ஆஷ்லியின் ‘டெத் பிலோ ஸ்டேர்ஸ்’ (2018) விக்டோரியா காலத்து மாளிகைச் சமையற்காரி கேட் ஹாலவேயையே துப்பறிய விடுகிறது. எஜமானர்கள் கண்ணுக்கு அவள் ஒரு ஆளாகவே தெரியாததுதான் அவள் பலம். காலீன் கேம்பிரிட்ஜ் 2023இல் எழுதியது போருக்குப் பிந்திய பாரிஸ். பிணத்தின் பக்கத்தில் கிடைப்பது ஜூலியா சைல்டின் சமையலறைக் கத்தி. அமெரிக்கர்களுக்குப் பிரெஞ்சுச் சமையலைக் கற்றுத்தந்த நிஜமான ஜூலியா, இரண்டாம் உலகப் போரில் உளவு நிறுவனத்துக்காகக் கண்டியில் கோப்பு பராமரித்தவர். வருங்காலக் கணவரைச் சந்தித்ததும் அந்த இலங்கை நாட்களில்தான். அந்தக் கண்டியை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். ஹரிணி நாகேந்திராவின் ‘பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’ (2022) 1921ஆம் வருடத்துப் பெங்களூரில், செஞ்சுரி கிளப் விருந்தில் தொடங்குகிறது.

தமிழில் தேவனின் துப்பறியும் சாம்பு இருக்கிறார், சிரிப்புக்குக் குறைவில்லை. அடுப்படிக்குள் போன சரித்திர மர்மக் கதை என் வாசிப்பில் அகப்படவில்லை. களமோ தயாராக இருக்கிறது. 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜியின் தஞ்சாவூர் அரண்மனை. மராட்டியச் சமையலும் ஆங்கிலேயச் சமையலும் ஒரே கூரையின் கீழ். சரஸ்வதி மகாலில் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற சமையல் சுவடி. கண் வைத்தியத்தில் ஊறிய ராஜா. மார்ஷ் பரிசோதனை வர இன்னும் சில வருடம். எழுத வருகிறவர் அம்டி என்ற மராட்டியக் குழம்பின் செய்முறையை மட்டும் பின்னிணைப்பாகப் போடாமல் இருந்தால் நான் முதல் பிரதிக்குப் பணம் கட்டிவிடுவேன்.