‘மருந்து’ அதிகாரமும் பருத்த உடலும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய ‘மருந்து’, வகுப்பறையில் பெரும்பாலும் வாயடக்கம் பற்றிய அறிவுரையாகவே நின்றுவிடுகின்றது. குறைத்து உண்பவனிடம் இன்பமும், பேருணவு கொள்பவனிடம் நோயும் நிற்கும் என்னும் கருத்தே எடுத்துக்காட்டப்படுகின்றது. அங்கிருந்து, பருத்தவன் எவனாயினும் அவன் தன்னை அடக்கத் தெரியாதவன் என்னும் முடிவுக்குத் தாவுவது எளிது. அம்முடிவு வள்ளுவருடையதா என்பது ஆராயத்தக்கது.

பத்துக் குறளையும் ஒருசேர நோக்குக. முதற்குறள் நோயின் தோற்றம் கூறுகின்றது. அடுத்த ஆறும் உண்ணும் முறை கூறுகின்றன. இறுதி மூன்றும் மருத்துவம் பற்றியன. நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது அங்கே வற்புறுத்தப்படுகின்றது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்று அதிகாரம் முடிகின்றது. நோயுற்றவன் நான்கில் ஒரு கூறே. பத்தினுள் ஒன்றிலேனும் பருமை, மெலிவு என்னும் பேச்சில்லை. வள்ளுவர் இடித்துரைப்பது பேருண்டியை. பருத்த உடலை அன்று.

பரிமேலழகர் இதனை மேலும் தெளிவாக்குகின்றார். பிணிகள் பழவினையாலும் வரும், பிற காரணங்களாலும் வரும் என்று அதிகாரத் தொடக்கத்திலேயே பிரித்து, பின்னவற்றுக்கே இங்கு மருந்து கூறப்படுகின்றது என்கின்றார். முதற்குறளுக்கு உணவை மட்டும் கொள்ளாமல் செயலையும் சேர்த்தே உரை காண்கின்றார். அளவும் அவரவர் உடற்கூற்றுக்கு ஒத்ததாதல் வேண்டும் என்கின்றார். எல்லார்க்கும் ஒரே அளவு என்பது உரையாசிரியர் கருத்தன்று.

பழவினையும் இக்கால மரபணு அறிவும் ஒன்றல்ல. எனினும், தன் கையில் இல்லாத காரணமும் உண்டு என்னும் ஒப்புதலில் இரண்டும் நெருங்குகின்றன. டென்மார்க்கில் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து ஸ்டங்கார்டு குழுவினர் 1986இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. அவர்களுடைய உடற்பருமன் பெற்றோரை ஒத்திருந்தது. சோறிட்டு வளர்த்தோரை ஒத்திருக்கவில்லை.

உரையாசிரியர் சுட்டிய ‘செயல்’ என்னும் சொல்லுக்கு லூனாஸ் வட்டாரமே விளக்கம் தரும். தோட்டத்தில் விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளி சுமந்தவர்களின் உடல் உழைப்பால் இறுகியது. அது அவர்கள் விரும்பி மேற்கொண்ட உடற்பயிற்சி அன்று. பின்னர் ரப்பர் குறைந்து செம்பனை பரவியது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்கும் இரவு முறைக்கும் சென்றனர். உழைப்பு மாறியது, தட்டிலிருந்த சோறு அதற்கேற்ப மாறவில்லை. மலேசியப் பெரியவர்களுள் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் 2019இல் நூற்றுக்கு 50.1, 2023இல் 54.4 என்கின்றன தேசியச் சுகாதார ஆய்வுகள். நான்கே ஆண்டில் ஒரு நாட்டு மக்களின் மனவுறுதி தளர்ந்துவிட்டது என்பார் உளரோ?

அப்படியாயின் முயற்சி வீணா எனின், அன்று. பருமனுக்குத் தலையாய காரணம் மிகையுணவே என நம்புவோர், உடற்பயிற்சிக் குறைவே என நம்புவோரைக் காட்டிலும் எடை குறைந்திருந்தனர் என்று மக்ஃபெரன், முகோபாத்யாய் இருவரும் 2013இல் காட்டினர். நம்பிக்கை கையையும் வாயையும் ஓரளவு ஆளத்தான் செய்கின்றது. ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்தில் பேசி, ஆள்வினையின் வலிமையை மற்றோர் அதிகாரத்தில் பேசிய வள்ளுவர்க்கு இஃது உடன்பாடே ஆகும். ‘எல்லாம் என் கையில்’ என்பதும் ‘எல்லாம் தலையெழுத்து’ என்பதும் அரை உண்மைகள்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் இவ்வதிகாரத்தைப் பாதியில் நிறுத்தலாகாது. அளவறிந்து உண்க என்னும் கட்டளை, அளவைத் தானே வகுக்க வல்லவனுக்கு உரியது. பள்ளிப் பிள்ளை அரிசி வாங்குவதில்லை; சிற்றுண்டிச்சாலையில் விற்பது இன்னதென முடிவு செய்வதுமில்லை. பருத்த மாணவனை எழுப்பி நிறுத்தி இக்குறட்பாக்களை ஒப்புவிக்கச் செய்தால், அவன் குறளையும் வெறுப்பான், தன் உடலையும் வெறுப்பான். நோயுற்றவனுக்கு உடனிருந்து உதவுவோனையும் வள்ளுவர் மருத்துவத்தில் ஒரு கூறாக எண்ணியிருக்கின்றார். அந்த இடம் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது.